பிளாக் எத்தனை பர்சன்ட்?

போன புரட்டாசியில் ஒருநாள் காலை. சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போன அப்பா, மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார் என்று பக்கத்து வயல்கார அண்ணன் போன் செய்தார். "பயப்படாதம்மா, இப்ப எழுந்திரிச்சிட்டாரு. வாய்வுன்னு சொல்றாரு" என்றார். நெடுங்காட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம். வண்டியை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் அப்பா வரப்பில் நின்று மண்வெட்டியால் வாய்மடையை அடைத்துக்கொண்டிருந்தார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். ராத்திரி சாப்பிடும்போது துருவித் துருவிக் கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். இரண்டு வாரமாகவே இருந்திருக்கிறது.

"நடந்தா தொண்டைக்குழிக்குக் கீழ யாரோ முழங்கைய வச்சு அமுக்குற மாதிரி இருக்கு பாப்பா. நின்னா ரெண்டு நிமிஷத்துல போயிடுது. அதான் போயிடுதே, என்னத்துக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியம்தான் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்கப்பட்டது. நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது. 1768ல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதே அடையாளத்தை வைத்துத்தான் 'ஆஞ்சைனா' என்ற நோயை மற்ற மருத்துவர்கள் முன் விவரித்தார். அவரிடம் ஈ.சி.ஜி. கிடையாது, ஸ்டெதஸ்கோப் கூடக் கிடையாது. நோயாளி சொன்னதை ஒழுங்காகக் கேட்டார், அவ்வளவுதான். வயலில் நிற்கும் மனிதருக்கும் அதே வார்த்தைகள்தான் வருகின்றன. நாம்தான் அதற்கு வாய்வு என்று பெயர் வைத்து ஓமத்தண்ணி கொடுக்கிறோம்.

மறுநாள் ஊரிலேயே ஈ.சி.ஜி. எடுத்தோம், நார்மல். ஹார்ட் அட்டாக்கைக் காட்டும் ட்ரோபோனினை ரத்தத்தில் பார்த்தார்கள், அதுவும் சரி. எக்கோவில் இதயம் நன்றாகப் பம்ப் செய்கிறது என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. அம்மா அன்றைக்கே கைலாசநாதர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். ஆனால் எங்களைப் பார்த்த டாக்டர் விடவில்லை. "உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. உட்கார்ந்திருக்கும் இதயத்தைப் பற்றித்தான் சொல்லும். இவருக்குத் தொந்தரவு நடக்கும்போதுதானே வருது?" என்றார். டிரெட்மில்லில் ஏற்றினார்கள். முழங்கால் வலியால் அப்பாவால் வேண்டிய வேகத்துக்கு நடக்க முடியவில்லை. ரிப்போர்ட்டில் 'முடிவு சொல்ல இயலாது' என்று வந்தது. அதன் பிறகுதான் சி.டி. ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார். தஞ்சாவூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

காரைக்காலைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு, நடுவில் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரில் ஒரு துண்டு புதுச்சேரி. அதுதான் நாங்கள். வடக்கே பூவம் தாண்டினால் பொறையார், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். எங்கள் தலைநகரத்துக்குப் போக வேண்டுமானால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் வேறு மாநிலத்துக்குள்ளேயே போக வேண்டும். தஞ்சாவூர் அதைவிடக் கிட்டே. அதனால் பெரிய நோய் என்றால் பாதி ஊர் மேற்கே திரும்பும், மீதி ஊர் வடக்கே திரும்பும். நாங்கள் விடியற்காலையில் கார் எடுத்து மேற்கே திரும்பினோம்.

ஸ்கேன் அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். முந்தின இரவு அப்பா இதற்குப் பயந்துதான் தூங்கவில்லை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் தூங்கியிருப்பார்.

போனதும் கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்டார்கள். ஊசி வழியாகப் போகும் அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்கு அங்கேதான் கவனம் தேவை. பிறகு ஒரு படிவம். அதில் "மீன், இறால் ஒத்துக்கொள்ளாதா?" என்று ஒரு கேள்வி. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்தால் குழப்பம் வரும். இறால் ஒவ்வாமை அதில் உள்ள புரதத்தால் வருவது, அதற்கும் அயோடின் மருந்துக்கும் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை. முன்பு இதே மருந்து போட்டு உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதை மறக்காமல் சொல்லுங்கள்.

நாடி 78 இருந்தது. வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்து உட்கார வைத்தார்கள். இதயம் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் உறுப்பு. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அது தளர்ந்து கிடக்கும் சின்ன இடைவெளியில்தான் படம் தெளிவாக விழும். நாடி மெதுவாக ஆக ஆக அந்த இடைவெளி நீளும். நர்ஸ் அம்மா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். 74. 70. 66. அப்பா என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். 61 வந்ததும், "ஐயா, வாங்க" என்றார்.

படுக்க வைத்து நெஞ்சில் மூன்று பட்டன் ஒட்டினார்கள். முழங்கை மடிப்பில் ஊசி. நாக்குக்கு அடியில் ஒரு மருந்து, ரத்தக் குழாய் விரிவதற்கு. மருந்து ஏறும்போது தொண்டையில் தொடங்கி அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் கழிந்துவிட்டது போலத் தோன்றும், உண்மையில் கழிந்திருக்காது என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒலிபெருக்கியில், "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்று குரல் வந்தது. மேசை உள்ளே போய் வெளியே வந்தது. அவ்வளவுதான். ஏறி இறங்க கால் மணி நேரம், படம் எடுத்தது சில நொடி. "இதுக்கா ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தேன்?" என்று அப்பா வெளியே வந்து இட்லி கேட்டார்.

இந்தச் சில நொடிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. இதயக் குழாய்களை உயிருள்ள மனிதரிடம் தனியாகப் படம் பிடித்ததே தற்செயலாகத்தான். 1958ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் இதய வால்வு ஒன்றைப் படம் எடுக்கப் போனார். குழாய் நழுவி வலது இதயத் தமனிக்குள் போய்விட, சாயம் முழுக்க அதற்குள் இறங்கிவிட்டது. நோயாளியின் இதயம் சில நொடி நின்றே போனது, இருமச் சொன்னதும் திரும்பத் துடித்தது. அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான் நாம் 'ஆஞ்சியோ' என்று சொல்லும் பரிசோதனை. நம் பக்கம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் 1975ல் இந்தியாவின் முதல் பைபாஸ் செய்ததும், 1986ல் சென்னையில் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் நாட்டின் முதல் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ததும் அந்தப் படத்தை நம்பித்தான். குழாய் எதுவும் உள்ளே விடாமல் வெளியிலிருந்தே இதயத் தமனியைப் பார்ப்பது, 64 ஸ்லைஸ் சி.டி. மெஷின்கள் 2004 வாக்கில் வந்த பிறகுதான் நடைமுறைக்கு ஏற்றதானது.

ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. கால்சியம் ஸ்கோர் 286. இடது முன் இறங்கு தமனியின் நடுப்பகுதியில் 60 முதல் 65 சதவீதச் சுருக்கம். கேட்-ராட்ஸ் 3. 2016 முதல் ரேடியாலஜி டாக்டர்கள் எல்லோரும் ஒரே மொழியில் பேசுவதற்காக 0 முதல் 5 வரை ஏற்படுத்திக்கொண்ட படிநிலை அது. மூன்று என்றால் நடுத்தரம், 50லிருந்து 69 வரை.

திரும்பி வரும் வழியிலேயே போன் மேல் போன். பெரியம்மா, சித்தப்பா, மாமா, அப்பாவோடு ஐ.டி.ஐ.யில் படித்தவர், எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "பிளாக் எத்தனை பர்சன்ட்?" அறுபத்தைந்து என்றதும், "அய்யய்யோ, பாதிக்கு மேல போயிடுச்சா!" சென்னையில் இருக்கும் சித்தப்பா உடனே ஓர் இடத்தில் விசாரித்து, "நேரா வந்து படுங்க, ஸ்டென்ட் வச்சு ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்க" என்றார். அந்த இடத்திலிருந்து எனக்கே ஒருவர் போன் செய்து, "இது டைம் பாம் மாதிரி மேடம், தள்ளிப்போடாதீங்க" என்றார். எங்கள் ஸ்கேனை அவர் பார்க்கவே இல்லை. அப்பாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணை மட்டும் கேட்டார், தேதி கொடுத்தார். அந்த இரவு நான் அழுததை எழுத வெட்கமில்லை. என் அப்பாவின் உயிர் எந்த நிமிடமும் போகலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஸ்கேன் பதிவான குறுந்தகட்டோடு தஞ்சாவூரில் ஒரு மூத்த இருதய மருத்துவரைப் பார்த்தோம். கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டி ஓட்டிப் பத்து நிமிடம் பார்த்தார். முதலில் சொன்னது, "இடது மெயின் தமனி சுத்தமா இருக்கு. அது நல்ல செய்தி." அடுத்து எங்கள் பக்கம் திரும்பி, "இதுல ரெண்டு கேள்வி இருக்கும்மா. குழாயில படிவு இருக்கா, இது ஒண்ணு. அந்தப் படிவால தசைக்குப் போற ரத்தம் குறையுதா, இது இன்னொண்ணு. இந்த ஸ்கேன் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கு" என்றார்.

நான் விழித்தேன். அப்பாதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வாய்க்கால் மாதிரிங்களா ஐயா?"

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து வந்து கடைசி வயலில் முடியும் தண்ணீர் எங்களுடையது. அப்பா தன் பாஷையில் சொன்னார்: "தலைமடையில வாய்க்கால்ல மண் மேடிட்டுக் கிடக்கும். பார்த்தா பயமா இருக்கும். ஆனா கடைசி வயலுக்குத் தண்ணி ஏறிடும். இன்னொரு வருஷம் அதே மேடுதான், நடவு நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல மடைய வெட்டும்போதுதான் கடைசி வயல் காயும். மேட்டை அளந்தா போதாது, கடைசி வயல்ல போய் நின்னு பார்க்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இதைவிட நான் நல்லா சொல்ல முடியாது" என்றார்.

அன்றிலிருந்து நான் படித்ததெல்லாம் அப்பா சொன்ன அந்த இரண்டு இடத்தைப் பற்றித்தான். வாய்க்கால் மேடு, கடைசி வயல்.

முதலில் மேடு. கால்சியம் ஸ்கோர் என்பது ஊசி மருந்து இல்லாமலே எடுக்கும் சின்ன சி.டி. 1990ல் ஆர்தர் அகட்ஸ்டன் என்பவரும் கூட்டாளிகளும் கொடுத்த கணக்கு முறை. படிவில் சுண்ணாம்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். பூஜ்யம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. 100ஐத் தாண்டினால் கொழுப்பு மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். நெஞ்சில் தொந்தரவே இல்லாத, ஆனால் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத நடுவயதுக்காரர்களுக்கு இது நல்ல வழிகாட்டி. அப்பாவைப் போலத் தொந்தரவு இருப்பவருக்கு இது மட்டும் போதாது. பழைய படிவில்தான் சுண்ணாம்பு ஏறும். புதிதாக வரும் மென்மையான கொழுப்புப் படிவு இந்தக் கணக்கில் வராது. அதனால் சர்க்கரையும் நெஞ்சுவலியும் உள்ள நாற்பது வயதுக்காரர் "ஸ்கோர் பூஜ்யம்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டால் கால்சியம் ஸ்கோர் ஏறலாம். மென்மையாக இருந்த படிவு இறுகிக் கெட்டிப்படுவதால் அப்படி ஆகிறது. அது நல்லதுதான். வருடா வருடம் ஸ்கோர் எடுத்துப் பார்த்து, கூடிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தியவர் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சி.டி. ஆஞ்சியோ அடுத்த படி. குழாயின் உட்புறம் மட்டுமல்லாமல் சுவரும் தெரியும். இது பெரிய விஷயம். 1987ல் சிகாகோவில் சீமோர் கிளாகோவ் என்ற நோய்க்கூற்று மருத்துவர் ஒன்றைக் காட்டினார். படிவு வளரும்போது தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. குழாயின் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும் வரை உள்வழி சுருங்குவதே இல்லை. அதாவது பழைய ஆஞ்சியோவில் 'நார்மல்' என்று தெரிந்த குழாயின் சுவருக்குள்ளேயே நோய் மறைந்து கிடக்கலாம். ஹார்ட் அட்டாக் பல நேரம் அப்படிப்பட்ட, அதிகம் அடைக்காத மென்மையான படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் வருகிறது. 30 சதவீதம்தானே என்று அலட்சியமாக இருப்பவருக்கும் 70 சதவீதமா என்று தூக்கம் இழப்பவருக்கும், அந்த எண் முழு உண்மையைச் சொல்வதில்லை.

சதவீதக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது விட்டத்தின் சதவீதம். விட்டம் பாதியானால் வழியின் பரப்பு முக்கால் பங்கு போய்விடும். அப்படியும் உட்கார்ந்திருக்கும்போது தசைக்குத் தேவையான ரத்தம் போய்விடும், ஏனென்றால் கீழே உள்ள நுண்குழாய்கள் விரிந்து சரிக்கட்டும். ஓடும்போது, படி ஏறும்போது, மூட்டை தூக்கும்போதுதான் அந்தச் சமாளிப்பு தீர்ந்துபோகும்.

அதனால் கடைசி வயலில் போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் தாலியம் ஸ்கேன் என்று சொல்லும் பரிசோதனை. பெயர்தான் தாலியம். இப்போது பெரும்பாலும் டெக்னீசியம் என்ற கதிர் மருந்து, ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போய் இதயத் தசையில் ஒட்டிக்கொள்ளும். ஓய்வில் ஒரு படம், இதயத்துக்கு வேலை கொடுத்து ஒரு படம். இரண்டிலும் ஒரே இடம் இருட்டாக இருந்தால் அங்கே தசை ஏற்கெனவே செத்துத் தழும்பாகிவிட்டது. ஓய்வில் வெளிச்சமும் வேலையில் இருட்டும் என்றால் தசை உயிரோடு இருக்கிறது, வேலை நேரத்தில் மட்டும் ரத்தம் போதவில்லை. இதே கேள்விக்குப் பெட் ஸ்கேன், ஸ்ட்ரெஸ் எக்கோ, எம்.ஆர்.ஐ. வழியாகவும் பதில் தேடலாம். ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி அழுத்தம் அளக்கும் எஃப்.எஃப்.ஆர். என்ற முறையும் உண்டு. மேலே 100 இருந்தால் கீழே 80 அல்லது அதற்கும் குறைவு என்று வந்தால் அந்த அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று அர்த்தம். இப்போது சி.டி. படத்தை வைத்தே கம்ப்யூட்டரில் அதைக் கணக்கிடும் முறையும் வந்துவிட்டது, 2014ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது.

எங்களுக்குத் திருச்சியில் ஸ்கேனுக்குத் தேதி கிடைத்தது. முழங்கால் காரணமாக டிரெட்மில் வேண்டாம், ஊசி மருந்தால் இதயக் குழாய்களை விரித்துப் பார்ப்போம் என்றார்கள். அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமானால் 24 மணி நேரம் டீ, காபி கூடாது. விடியற்காலை நாலரைக்கு ஒன்று, வயலில் ஒன்று என்று டீயிலேயே பொழுது விடியும் மனிதர். அன்று முழுக்கச் சுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவும் டீ போடவில்லை.

முடிவு வந்தது. இதயத்தின் முன்சுவரில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் வேலை நேரத்தில் ரத்தம் குறைகிறது, தழும்பு இல்லை, பம்ப் செய்யும் சக்தி நன்றாக இருக்கிறது. மருத்துவர் மருந்தோடு தொடங்கலாம் என்றார். ஆஸ்பிரின், வீரியமான அளவில் ஸ்டாட்டின், நாடியைக் குறைக்கும் மாத்திரை, சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பது, தினமும் நடை. "மூணு மாசம் பார்ப்போம். தொந்தரவு அடங்கலைன்னா ஸ்டென்ட் இருக்கவே இருக்கு. ஓய்வா இருக்கும்போது வலி வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது."

இது ஒரு டாக்டரின் தனிப்பட்ட துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடத்திய 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு 2020ல் வெளியானது. இந்தியாவிலிருந்தும் நோயாளிகள் அதில் இருந்தார்கள். அப்பாவைவிட அதிகமாக ரத்தம் குறைந்திருந்தவர்கள் அவர்கள். இடது மெயின் தமனி அடைப்பு உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். மீதிப் பேரில் உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ பைபாஸோ வைத்தவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் சாவிலும் ஹார்ட் அட்டாக்கிலும் கணக்கில் கொள்ளத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி குறைந்தது ஸ்டென்ட் பக்கம்தான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஹார்ட் அட்டாக்கில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் சந்தேகமே இல்லை. நிதானமான அடைப்புக்கு அது வலி தீர்க்கும் சிகிச்சை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, போனில் டைம் பாம் என்று பயமுறுத்துவது பெரிய அநியாயம் என்றே நான் சொல்வேன்.

அப்படியானால் சி.டி. எடுத்தது வீணா? ஒருபோதும் இல்லை. ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நெஞ்சுவலிக்கு வழக்கமான சோதனையோடு சி.டி. ஆஞ்சியோவும் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டில் இதய நோய்ச் சாவோ ஹார்ட் அட்டாக்கோ வந்தது 2.3 சதவீதம் பேருக்கு. எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். ஐந்து ஆண்டு முடிவில் ஸ்டென்டும் பைபாஸும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். படிவைக் கண்ணால் பார்த்ததால் சரியான ஆளுக்குச் சரியான மாத்திரை போய்ச் சேர்ந்தது, அந்த வித்தியாசத்துக்கு அதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. மூன்று வருடமாக "கொழுப்பு மாத்திரை எதுக்கு" என்று ஒதுக்கி வைத்த அப்பா, தன் தமனியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரு வேளை தவறவில்லை.

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் முப்பது வயதுப் பையனுக்கும் இருதய சி.டி. சேர்த்துக் கொடுக்கிறார்கள். தொந்தரவும் இல்லை, சர்க்கரையும் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இளவயதில் வரவில்லை என்றால் அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கடற்கரையில் நடக்கலாம். கதிர்வீச்சும் சும்மா இல்லை. ஒரு மனிதர் வருடம் முழுக்க இயற்கையிலிருந்து வாங்குவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். கால்சியம் ஸ்கோருக்கு ஒன்று வாக்கில் ஆகும், சி.டி. ஆஞ்சியோவுக்கு அதைப் போலச் சில மடங்கு. தேவையிருந்தால் பயப்படவே வேண்டாத அளவு. தேவையில்லாதவருக்கு எதற்கு?

ஆனால் எங்கள் ஊரில் தேவை உள்ளவர்கள்தான் அதிகம். 2023ல் லான்செட் குழுமத்தின் இதழில் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பில் நாட்டிலேயே சர்க்கரை நோய் அதிகம் உள்ள இடம் கோவா, 26.4 சதவீதம். அடுத்தது புதுச்சேரி, 26.3. பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். 2001ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில் டாக்டர் வி. மோகன் குழுவினர் சர்க்கரை இல்லாதவர்களைவிடச் சர்க்கரைக்காரர்களிடம் இதயத் தமனி நோய் இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதைக் காட்டினார்கள். முதல் ஹார்ட் அட்டாக் தெற்காசியருக்கு 53 வயதில், மற்ற நாட்டவருக்கு 58.8 வயதில் என்று இன்னொரு பெரிய ஆய்வு 2007ல் சொன்னது. சம்பாதிக்கும் வயதில் போகிறார்கள். சர்க்கரைக்காரருக்கு வலியே தெரியாமல் மூச்சு வாங்குவதும் அசதியும் மட்டும் வந்து ஏமாற்றவும் செய்யும்.

இப்படிப்பட்ட ஊருக்கு இருதயப் பரிசோதனை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கக் கூடாது. 2016லிருந்து ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி காரைக்காலில் நடக்கிறது, பிள்ளைகள் இங்கேயே டாக்டர் ஆகிறார்கள். அந்தக் கல்லூரியோடு சேர்ந்து இருதயத்துக்கு முழு நேரப் பிரிவும், கேத் லேபும், இருதய சி.டி. எடுத்துப் படிக்கத் தெரிந்த ஆட்களும் நிரந்தரமாக வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் விடாமல் கேட்க வேண்டும். தமிழ்நாடு 2023ல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்ப ஏற்பாடு செய்தது. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து நடத்திய தமிழ்நாட்டு ஆய்வொன்றில் ஹார்ட் அட்டாக் வந்தவர்களின் ஓராண்டு இறப்பு 17.6லிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது, 2017ல் அந்த முடிவு வெளியானது. எல்லைக்கு அந்தப் பக்கம் செய்ய முடிந்ததை இந்தப் பக்கமும் செய்யலாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தி, வியர்த்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லையென்றால் ஸ்கேன் பற்றி யோசிக்கவே கூடாது. 108ஐ அழைத்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ காரை விரட்டக் கூடாது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் ஆஸ்பத்திரியிலேயே போடக்கூடியது.

அப்பா இந்தச் சம்பாவுக்கும் வயலில் இறங்கினார். யூரியா மூட்டையை மட்டும் வேறு ஆள் தூக்குகிறார். மூன்றாவது மாதச் சோதனையில் கெட்ட கொழுப்பு 138லிருந்து 61க்கு வந்திருந்தது. மதகிலிருந்து கடைசி வயல் வரை நிற்காமல் நடக்கிறார், தொண்டைக்குழியில் முழங்கை அமுக்குவதில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒன்று கேளுங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "நடக்கும்போது எங்கயாவது நின்னு நின்னு போறீங்களா?" என்று கேளுங்கள்.